பரோனுக்கு வைத்த தேங்காய் எண்ணெய்

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. யாராவது "உமக்கு இது தெரியுமோ?" என்று கேட்கத் தொடங்கினால், கேள்வி முடிவதற்குள் என் தலை "ஓம்" என்று ஆடிவிடும். உண்மையில் தெரியுமா என்று உள்ளே போய் விசாரித்துவர இந்தத் தலை எனக்கு அவகாசமே தருவதில்லை. இப்படித்தான் சைக்கிள் டைனமோ திருத்தத் தெரியும் என்று சொல்லி, ஒரு நல்ல மனிதரை இருட்டில் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். கலியாண வீட்டில் ஒலிபெருக்கி பூட்டத் தெரியும் என்று சொல்லி, தாலி கட்டும் நேரத்தில் மண்டபம் முழுவதற்கும் சமையற்காரரின் கொட்டாவியைக் கேட்கவைத்தேன். (நல்ல நீளமான கொட்டாவி. மாப்பிள்ளைக்கே வந்துவிட்டது.)

இவற்றையெல்லாம் ஊர் மறந்துவிட்டது. பரோன் விஷயத்தை மட்டும் மறக்கவில்லை.

துஷியைக் கலியாணம் செய்து ஜெர்மனிக்கு வந்து, பீலெஃபெல்ட் நகரத்தில் அவளுடைய தாய் தகப்பனோடு குடியிருந்த முதலாவது குளிர்காலம் அது. துஷி அங்கேயே பிறந்து வளர்ந்தவள். முதியோர் இல்லமொன்றில் தாதியாக வேலை. எங்கள் படுக்கையறை என்பது மாமாவும் மாமியும் தொலைக்காட்சி பார்க்கும் அறை. சோபாவை இழுத்து விரித்தால் கட்டில். ஆனால் மாமியின் தொடர் நாடகம் முடியும்வரை அதை விரிக்க முடியாது. அந்த நாடகத்தில் ஒரு மாமியார் தன் மருமகளுக்கு விஷம் வைக்க வருஷக்கணக்காக முயன்றுகொண்டிருந்தாள். அவளுடைய திறமைக்குறைவால் எங்களுக்கு நித்திரை இல்லை. விடிவதற்கு முன் மாமா வந்து எங்கள் கால்மாட்டில் உட்கார்ந்து செய்தியைப் போடுவார். உலகத்தில் எங்கே குண்டு விழுந்தாலும் அது என் பெருவிரலுக்குப் பக்கத்தில்தான் விழுந்தது. புதிதாகக் கலியாணம் செய்த நாங்கள் இருவரும் தனிமையில் பேசிக்கொண்டது பெரும்பாலும் சூப்பர்மார்க்கெட்டில், உறைந்த மீன் பெட்டிக்கு முன்னால் நின்றுதான்.

ஆகவே எங்களுக்கு ஒரு வீடு தேவைப்பட்டது. தேவை என்பது சின்னச் சொல். கதவு உள்ள ஓர் அறைக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன். அங்கேதான் பிழை நடந்தது.

ஜெர்மனியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போவது பெண் பார்க்கும் சடங்கைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி. வீட்டுக்காரர் சோபாவில் சாய்ந்திருப்பார். போனவர்கள் வெட்கத்தோடு குனிந்து கோப்பி குடிக்கவேண்டும். எங்களுக்கு வாய்த்த வீட்டுக்காரி ஃபிராவ் வேபர் (ஃபிராவ் என்றால் திருமதி) ஓய்வுபெற்ற ஆசிரியை. கீழ்வீட்டில் தான் இருந்துகொண்டு, இரண்டு அறையும் பல்கனியுமாக மேல்வீட்டை வாடகைக்கு விட இருந்தார். முந்தின கிழமை பனியில் சறுக்கி விழுந்ததால் வலது கையில் மாவுக்கட்டு. பக்கத்தில் ஒரு வெல்வெட் மெத்தை. மெத்தையின் மேல் பரோன்.

நீளமான சுரைக்காய் ஒன்றுக்கு நான்கு கட்டைக் கால்களைப் பொருத்தி, அதற்கு ஒரு நீதிபதியின் முகத்தையும் வைத்தால் அதுதான் பரோன். அது என்னைப் பார்த்த பார்வையில், விசா அதிகாரி என் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

"உங்களுக்கு நாய்களைத் தெரியுமா?" என்று கேட்டார் ஃபிராவ் வேபர்.

துஷி உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் என் தலை ஆடிவிட்டது. தலை மட்டும் ஆடியிருந்தால் சமாளித்திருக்கலாம். எனக்கு அப்போது தெரிந்திருந்த இருபது முப்பது ஜெர்மன் சொற்களில் பொருத்தமானவற்றைப் பொறுக்கி, "நாய், ஓம், கனக்க, கனக்க" என்றும் சொல்லிவைத்தேன். (உண்மை இதுதான்: ஊரில் எங்கள் வீட்டு ஒழுங்கையில் ஒரு நாய் இருந்தது. அது என்னைக் கடித்தது. அதற்குப் பிறகு எங்களுக்குள் போக்குவரத்து இல்லை.)

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்கு இன்னும் ஒரேயொரு குடும்பம்தான் போட்டியில் இருப்பதாகவும், சனிக்கிழமை பின்னேரம் முடிவு சொல்வதாகவும் சொன்னார். அதோடு ஒரு சின்ன உதவியும் கேட்டார். மாவுக்கட்டுக் கையோடு பனியில் நாயைக் கொண்டுபோக அவரால் முடியாது. வழக்கமாகக் கூட்டிப்போகும் அயலவர் சனிக்கிழமை ஊரில் இல்லை. அன்று காலையில் நான் வந்து பரோனை நடத்திக்கொண்டு போக முடியுமா? பரோன் ஆட்களை அளப்பதில் கெட்டிக்காரனாம்.

பிறகு வகுப்பு நடந்தது. தெருவில் போட்டிருக்கும் உப்பும் சரளையும் நாயின் பாதத்தைப் புண்ணாக்கும். ஆகவே வெளியே இறங்குமுன் இந்தத் தைலத்தை மெல்லிசாகப் பூசவேண்டும் என்று ஒரு சின்ன டப்பாவைத் தந்தார். திரும்பி வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாதங்களைக் கழுவவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாயைக் கட்டிய வாரைக் கையிலிருந்து விடவே கூடாது. பனியைக் கண்டால் பரோனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். துஷி ஒவ்வொன்றையும் எனக்குத் தமிழில் சொன்னாள். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.

தெருவுக்கு வந்ததும் துஷி கேட்டாள்: "நாயைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

"இதிலை என்ன இருக்கு? அது நடக்கும். நான் பின்னாலை நடப்பன்."

"அப்ப அதுதான் உங்களைக் கூட்டிக்கொண்டு போகப்போகுது. அப்பிடியெண்டாச் சரி, அது கவனமாப் பார்க்கும்."

வீட்டில் மாமி அந்த டப்பாவைத் திறந்து மணந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "இதென்ன தம்பி, மெழுகுதிரி மணக்குது. தேங்காய் எண்ணெயை விட்டிட்டு இதையே பூசப்போறியள்?"

எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் தலைக்கு, வெடித்த குதிக்காலுக்கு, மாமாவின் முழங்காலுக்கு, கிறீச்சிடும் கதவுக்கு. குளிர்காலத்தில் அந்தப் போத்தல் எப்போதும் ஹீற்றரின் மேல் நிற்கும். ஜெர்மனியில் நான் போன ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் அப்படியொரு போத்தல் ஹீற்றரில் நின்றது. அது ஏன் அங்கே நிற்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. சுவாமிப் படம் சுவரில் இருக்கிறது, எண்ணெய்ப் போத்தல் ஹீற்றரில் இருக்கிறது. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. ஃபிராவ் வேபரின் டப்பாவை மேசையில் ஓரமாகத் தள்ளிவைத்தேன். ஒரு ஜெர்மன் நாய்க்கு முதன்முதலாக நல்ல எண்ணெய் காட்டப்போகிறவன் என்ற பெருமை வேறு.

சனிக்கிழமை காலை துஷி வேலைக்குப் புறப்படும்போது வாசலில் நின்று சொன்னாள்: "இஞ்சேருங்கோ. ஒண்டும் புதுசாச் செய்யாதேங்கோ. அவா சொன்னதை மட்டும் செய்யுங்கோ. அந்த வீட்டு பல்கனியிலை கதிரை போட எனக்கு இடம்கூடப் பார்த்தாச்சு."

இதைக் கேட்டபிறகு மனுஷனாகப் பிறந்தவன் டப்பாவை எடுத்திருப்பான். நான் போத்தலை எடுத்தேன்.

உடுப்பைச் சொல்லவேண்டும். மாமாவின் நைலோன் கோட்டு, அதற்குள் இரண்டு சுவெட்டர், மாமி பின்னிய குரங்குத் தொப்பி. வீட்டுக்காரியிடம் மதிப்பாகத் தெரியவேண்டும் என்று காலில் கலியாணச் சப்பாத்து. மணவறைக்குப் பக்கத்தில் கழற்றிவைப்பதற்கென்றே செய்யப்பட்ட சப்பாத்து அது. தெருவை அது அதிகம் கண்டதில்லை. அடிப்பக்கம் கண்ணாடி போலிருக்கும். மாமி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மேலாலை பார்த்தாத் திருடன், கீழாலை பார்த்தா மாப்பிளை" என்றார்.

ஃபிராவ் வேபர் பரோனுக்குச் சிவப்புக் கோட்டு போட்டு, வாரை என் கையில் தந்தார். நான் மரியாதையாகக் குனிந்து வாங்கிக்கொண்டு, அவருடைய யன்னலுக்குத் தெரியாதபடி கராஜுக்குப் பின்னால் நாயைக் கொண்டுபோனேன். கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்திருந்த எண்ணெய் நல்ல சூடாக இருந்தது. மெல்லிசாகப் பூசச் சொன்னார்தான். ஆனால் எண்ணெய் வைப்பதில் மெல்லிசு என்ற அளவு எங்கள் ஆட்களிடம் கிடையாது. அன்று சனிக்கிழமை வேறு. எண்ணெய் முழுக்குக்கு வைப்பதுபோல நான்கு பாதத்திலும் ஊற்றி, விரல் இடுக்கெல்லாம் தேய்த்தேன். பரோன் முதலில் திடுக்கிட்டது. பிறகு ஒரு பாதத்தை நக்கியது. பிறகு நிமிர்ந்து என்னை ஒருவித மதிப்போடு பார்த்தது. அன்று ஓர் உயிர் என்னை மதிப்போடு பார்த்தது அந்த ஒரு தடவைதான். போத்தலை மூடி வெளிப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

தெருவின் முனைக்குப் போவதற்குள் என் மூக்கு இருந்த இடத்திலிருந்து தகவல் வருவது நின்றுவிட்டது. மீசையில் பனி பிடித்தது. அதைவிடப் புதினம் கீழே நடந்துகொண்டிருந்தது. பரோனின் பாதத்து எண்ணெய் குளிரில் இறுகி, மெழுகாகி, நடைபாதையில் தூவியிருந்த சரளைக் கற்களையெல்லாம் வாரி எடுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அந்த நாய் நான்கு எள்ளுருண்டைகளின் மேல் நின்றது. நடந்தால் குதியுயர்ந்த சப்பாத்துக்காரி நடப்பதுபோல டக், டக் என்று சத்தம். பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்து, நக்கி, கல்லைத் துப்பி, எழும்பி, மறுபடி கல்லை ஒட்டிக்கொண்டது. நானும் பத்தடிக்கு ஒருமுறை நின்று, அதற்கு நடைபழக்குகிறவன் மாதிரி வானத்தைப் பார்த்தேன்.

எதிரே வந்த நாய்க்காரர்களைப் பார்க்கவேண்டும். ஒவ்வொருவரும் மலையேறப் போகிற ஆயத்தத்தோடு வந்தார்கள். நாய்க்குச் சப்பாத்து, கழுத்தில் மின்னுகிற விளக்கு. எல்லோரும் பரோனுக்குக் காலை வணக்கம் சொன்னார்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பிறகு பரோனின் காலைப் பார்த்தார்கள். பிறகு என் காலைப் பார்த்தார்கள். நடையை எட்டிப்போட்டுப் போனார்கள்.

தெரு ஒரு பூங்காவின் மேட்டில் ஏறி முடிகிறது. அங்கே மேட்டின் விளிம்பில், ஊரே பார்க்கக்கூடிய இடமாகத் தேர்ந்தெடுத்து, பரோன் தன் காலைக்கடனைக் கழித்தது. நான் அதைப் பனியால் மூடிவிட்டு நகரலாம் என்று காலால் தள்ளத் தொடங்கினேன். அப்போது கைக்கொரு கம்பை ஊன்றி உடற்பயிற்சி நடை நடந்துவந்த ஒரு பெண்மணி பக்கத்தில் நின்றார். நின்று பார்த்தார், அவ்வளவுதான். அந்த நாட்டில் ஒருவர் நின்று பார்த்தாலே போதும். பொலிசு வந்த மாதிரி.

வாரில் ஒரு சுருள் பிளாஸ்ரிக் பை கட்டியிருந்தது. ஒன்றைக் கிழித்தேன். வாயைத் திறக்கவேண்டுமே! விரலெல்லாம் எண்ணெய்; விறைத்த எண்ணெய். எந்தப் பக்கம் வாய், எந்தப் பக்கம் அடி என்று தெரியவில்லை. ஊதிப் பார்த்தேன். பல்லால் கடித்துப் பார்த்தேன். பெண்மணி பொறுமையாக, விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்க்கவேண்டும் என்று செய்கையால் காட்டினார். தேய்க்க இரண்டு கையும் வேண்டும். ஆகவே வாரை நிலத்தில் போட்டு, என் கலியாணச் சப்பாத்தால் மிதித்துக்கொண்டேன்.

கையிலிருந்து விடவே கூடாது என்று சொல்லித் தந்த வாரைத்தான்.

மேட்டுக்குக் கீழே பிள்ளைகள் சறுக்குவண்டி விட்டுக்கொண்டிருந்தார்கள். பரோன் அதைக் கண்டது. எண்ணெய் ஊறிய வார், கண்ணாடிச் சப்பாத்து, கீழே பனி. இந்த மூன்றும் ஒன்றையொன்று விட்டுப் பிரிய ஒரு நொடியும் எடுக்கவில்லை. நான் விழுந்தேன். விழுந்ததோடு நின்றிருந்தால் அது விபத்து. நான் நிற்கவில்லை. மாமாவின் நைலோன் கோட்டு அவ்வளவு வேகமானது என்று மாமாவுக்கே தெரிந்திருக்காது. உட்கார்ந்தபடியே ஒரு சறுக்குவண்டியை முந்தினேன். அதிலிருந்த சின்னப்பெண் திரும்பிப் பார்த்து, மேலே போய் வரிசையில் நிற்கவேண்டும் என்று எனக்குப் புத்தி சொன்னாள்.

சரிவு முடியும் இடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் வாகனத் தரிப்பிடம். அந்தக் கட்டடத்தில்தான் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கும். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, பெற்றோர் வெளியே வட்டமாக நின்று தேத்தண்ணி குடித்தபடி, அந்த வட்டத்தில் இல்லாதவர்களைப் பற்றிப் பேசுவார்கள். நேசன் அண்ணை தன் காரின் பின்கதவைத் திறந்துவைத்து, பள்ளிக்கூட நிதிக்காக மட்டன் ரோல்ஸ் விற்பார். உலகத்தில் எவ்வளவோ சரிவுகள் இருக்கின்றன. நான் அந்தச் சரிவில்தான் வந்தேன்.

"ஆரின்ரையோ மாப்பிளை சறுக்கி வாறார்" என்றது ஒரு குரல்.

"உது மணியண்ணையின்ரை மருமகனெல்லே?"

"கோட்டு மணியண்ணையின்ரைதான். உள்ளுக்கை இருக்கிறது ஆரெண்டு தெரியேல்லை."

நான் எழும்பித் தொப்பியைச் சரிசெய்தபோது, பரோனின் முன்பாதி நேசன் அண்ணையின் காருக்குள் இருந்தது. ரோல்ஸ் தட்டில் ஏற்கெனவே ஒரு பள்ளம். உறைப்பு ஏற, வெளியே குதித்து ஒருவாய் பனியைத் தின்றது. மறுபடி தட்டுக்குப் போனது. நான் பாய்ந்து பிடிக்கப்போனேன். நேசன் அண்ணை கையை நீட்டித் தடுத்தார்.

"விடும், விடும். ஒரு ஜெர்மன்காரன் என்ரை ரோல்ஸை இப்பிடி விரும்பிச் சாப்பிட்டு நான் கண்டதில்லை."

பிறகு குனிந்து மணந்து பார்த்தார். "தம்பி, இதென்ன நாய் முழுக்குக்கு நிக்கிற மாதிரி மணக்குது?"

நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் பதில் சொல்வது என் வியாதியின் இன்னொரு கிளை. வட்டத்தில் நின்ற ஓர் அக்கா மிகவும் அக்கறையோடு கேட்டார்: "எண்ணெய் வைச்சாச்சு, தேய்ச்சு முழுக அரப்பு எங்கை தம்பி?"

அதற்குப் பிறகு ஒருவராலும் தேத்தண்ணிக் கோப்பையை நேராகப் பிடிக்க முடியவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தபோது வட்டம் தானாக விலகி வழிவிட்டது. கம்புப் பெண்மணி மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் இரண்டு கம்பும், மறுகையில் நிரப்பி முடிச்சுப் போட்ட அந்தப் பையும். நேராக என்னிடம் வந்து, "நீங்கள் ஒன்றை மறந்துவிட்டீர்கள்" என்று மிக மரியாதையாக நீட்டினார். பெரியவர்கள் தருவதை ஒற்றைக் கையால் வாங்கக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். இரண்டு கையாலும், கொஞ்சம் குனிந்து, பிரசாதம் போல வாங்கினேன். நன்றியும் சொன்னேன். பீலெஃபெல்ட் தமிழர்களில் பாதிப்பேர் அதைப் பார்த்தார்கள். மீதிப்பேருக்கு மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது.

பரோனால் இனி அந்த எள்ளுருண்டைக் கால்களோடு நடக்க முடியாது. கோட்டுக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினேன். அது மட்டன் ஏப்பம் ஒன்று விட்டு, என் நெஞ்சில் தலையை வைத்து நித்திரையாகிவிட்டது. எனக்கோ துஷி சொன்ன பல்கனிக் கதிரைதான் கண்ணுக்குள் நின்றது. எல்லாவற்றையும் துடைத்து, கழுவி, சிரித்த முகத்தோடு ஒப்படைத்தால் ஒன்றும் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

ஃபிராவ் வேபர் கதவைத் திறந்து, எல்லாம் நன்றாக நடந்ததா என்று கேட்டார். என் தலை ஆடியது.

ஆடி முடிவதற்குள் பரோன் விழித்து, என் கோட்டிலிருந்து குதித்து, வாசலிலிருந்து தண்ணீர்ப் பாத்திரம்வரை அந்த வெளிர்நிறக் கம்பளத்தின் மேல் ஓடியது. என் கோட்டுச் சூட்டில் எண்ணெய் இளகத் தொடங்கியிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் ஓர் எண்ணெய் வட்டமும் நாலைந்து சரளையும். பாத்திரத்தை மிச்சமில்லாமல் குடித்துவிட்டு எங்களைப் பார்த்து மறுபடி ஏப்பம் விட்டது.

ஃபிராவ் வேபர் கம்பளத்தைப் பார்த்தார். என் கையில் இன்னும் இருந்த பையைப் பார்த்தார். கத்தவில்லை. தான் தந்த தைலம் எங்கே என்று மட்டும் கேட்டார். அது மாமியின் மேசையில். பதிலுக்கு நான் வெளிப் பொக்கற்றிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை இடது கையால் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று கல்லாக இறுகியிருந்தது. தலைகீழாகக் கவிழ்த்தார். ஒன்றும் அசையவில்லை. போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஹீற்றரில் அந்தப் போத்தல் ஏன் நிற்கிறது என்பது அப்போதுதான், அந்த இடத்தில்தான், எனக்கு விளங்கியது.

பின்னேரம் துஷிக்குத் தொலைபேசி வந்தது. உங்கள் கணவர் மிகவும் அன்பான மனிதர் என்று ஃபிராவ் வேபர் சொன்னாராம். ஆனால் பரோனுக்குச் சரிவராதாம். நாயைப் பற்றித் தங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று சொல்லியிருந்த மற்றக் குடும்பத்துக்கு வீடு போனது. (அவர்கள் நாயை நடத்தும்படி கேட்கப்படவே இல்லை. தெரியாது என்று சொன்னால் கிடைக்கும் சுகம் இதுதான்.)

அன்றிரவு துஷி தலையணைகளை எடுத்துவைத்தாள். நாடகம் முடியும்வரை காத்திருந்து சோபாவின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மறுபக்கத்தை நான் பிடித்தேன். விரிக்கும்போது அவளுடைய பக்கம் நடுங்கத் தொடங்கியது. அழுகிறாளாக்கும் என்று பயந்துபோனேன்.

"ரெண்டு கையாலையும் வாங்கினீங்களாம்" என்றாள். "நேசன் அண்ணை சொன்னவர். உண்மையே?"

ஓம் என்றேன். அவள் தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டு சிரித்த சிரிப்பில், என்ன பிள்ளை என்று மாமி உள்ளேயிருந்து கேட்டார்.

மேலும் ஒரு குளிர்காலத்தை அந்தச் சோபாவில் கழித்தபிறகுதான் எங்களுக்கு வீடு கிடைத்தது. பல்கனி இல்லை. துஷியின் கதிரை சமையலறை யன்னலோரம் நிற்கிறது. ஃபிராவ் வேபரைப் பூங்காப் பக்கம் எப்போதாவது காண்போம். காண்போம் என்ன, காணவைக்கப்படுவோம். நான் தெருவின் மறுமுனையில் வந்தாலே பரோன் தன் கட்டைக் கால்களால் அந்த அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடிவந்து என் சப்பாத்தை நக்கும். அவர் வேறு வழியில்லாமல் நின்று வணக்கம் சொல்வார். பரோனுக்குச் சரிவராதாம்! பரோனிடம் ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. கேட்டிருந்தால் மேல்வீடு என்ன, தன் மெத்தையிலேயே பாதியைத் தந்திருக்கும்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்து வட்டம் இன்னும் கூடுகிறது. பனி விழுந்த நாளில் யாராவது வழுக்கி விழுந்தால், கை கொடுக்குமுன் நேசன் அண்ணை கேட்பார்: "நாலு காலுக்கும் எண்ணெய் வைச்சனீரோ?" ஊரிலிருந்து புதிதாக வரும் மாப்பிள்ளைமாருக்கு இந்தக் கதையை என் முன்னாலேயே, என் பெயரைச் சொல்லியே, சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்கள் மகள் இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். ஆகவே அவளும் படித்துவிட்டாள்.

போன கிழமை இந்தக் குளிர்காலத்தின் முதல் பனி. அவள் யன்னலோரம் நின்று தெருவில் போகிற நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகத் திரும்பிக் கேட்டாள்: "அப்பா, எங்களுக்கும் ஒரு நாய் எடுப்பமோ? உங்களுக்கு நாய் பார்க்கத் தெரியு..."

துஷி கதிரையிலிருந்து எழும்பிப்போய், ஹீற்றரின் மேலிருந்த போத்தலை எடுத்துவந்து என் முன்னால் மேசையில் வைத்தாள்.

அதற்குள் என் தலை ஆடி முடிந்துவிட்டது.